அமெரிக்க அதிபர் தேர்தல்: வெளியில் இருப்பவர் எதை ஆசைப்படலாம்?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2024 நவம்பர் 5ஆம் தேதி காலை, அந்த ஊர் தர்மசாஸ்தா கோயிலில் சிறப்புப் பூஜை நடந்தது. கமலா ஹாரிஸ் அமெரிக்க அதிபராக வர வேண்டும் என்பது வேண்டுதல். அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த ஊர் அது. கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கல்லில் கமலாவின் பெயரும் இருக்கிறது. ஊரில் பேனர் கட்டியிருந்தார்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளின் கேமராக்களும் வந்து நின்றன. மறுநாள் முடிவு தெரிந்தபோது ஊர் சோர்ந்துபோனது.

அந்த வேண்டுதலைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஓட்டு இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நாட்டுத் தேர்தலுக்காக நகம் கடிக்கிற வேலையை நானும் 2000ஆம் ஆண்டிலிருந்து செய்துவருகிறேன். அந்த வேண்டுதலில் ஒரே ஒரு குறைதான். அது பொத்தாம் பொதுவாக இருந்துவிட்டது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் என்று மூன்று மாநிலங்களின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். மூன்றிலும் சேர்த்துக் கமலா தோற்றது ஏறத்தாழ 2.3 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில். நாடு முழுவதும் பதிவானவையோ 15 கோடிக்கும் மேல். அந்த மூன்று மாநிலங்கள் மட்டும் கைக்கு வந்திருந்தால், மொத்த ஓட்டுக் கணக்கில் டிரம்ப் 20 லட்சத்துக்கு மேல் முன்னால் இருந்திருந்தாலும், கமலாதான் அதிபர்.

இது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி ஆசைப்படுவது முகவரி எழுதாமல் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது மாதிரி. அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7ஆம் தேதி. அதற்குள் முகவரியைக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு தேர்தல் அல்ல, 51 தேர்தல்கள்

முதலில் ஒரு நினைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் என்று ஒரே தேர்தல் நடப்பதில்லை. 50 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஆக 51 தேர்தல்கள் ஒரே நாளில் தனித்தனியாக நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி வாக்குச்சீட்டு, தனி எண்ணிக்கை. நம்முடையதைப் போல நாடு முழுமைக்கும் தேர்தலை நடத்துகிற ஆணையம் அங்கே கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. பிரசாரப் பணத்தின் வரவு செலவைக் கண்காணிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஓட்டை வாங்குவதும் எண்ணுவதும் மாநிலங்களின் பொறுப்பு. அதிலும் பெரும்பாலான வேலை கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகங்களின் தலையில்தான் விழுகிறது.

வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளரின் பெயர் அச்சாகியிருக்கும். ஆனால் வாக்காளர் உண்மையில் தேர்ந்தெடுப்பது அந்த வேட்பாளருக்காகக் கட்சி நிறுத்தியிருக்கும் தேர்வாளர்களை. இவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் 'எலக்டோரல் காலேஜ்', தமிழில் தேர்வாளர் குழு. காலேஜ் என்றதும் கட்டடம், வளாகம் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். 538 பேர் கொண்ட இந்தக் குழு ஒரு நாளும் ஓரிடத்தில் கூடுவதில்லை. டிசம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை (2028இல் அது 19ஆம் தேதி) அந்தந்த மாநிலத்தில் கூடி, சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கலைந்துவிடுகிறார்கள்.

538 எங்கிருந்து வந்தது? நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு 435 உறுப்பினர்கள், மேலவையான செனட்டுக்கு 100 பேர். வாஷிங்டன் நகரத்துக்கு 1961இல் வந்த 23ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின்படி 3 பேர். கூட்டினால் 538, பாதிக்கு மேல் என்றால் 270. தேர்தல் இரவில் எல்லாத் தொலைக்காட்சிகளும் மந்திரம் போல உச்சரிக்கிற எண் இதுதான்.

ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனையோடு இரண்டைக் கூட்டினால் அதன் தேர்வாளர் எண்ணிக்கை கிடைத்துவிடும். கலிஃபோர்னியாவுக்கு 54, டெக்ஸாஸுக்கு 40, ஃபுளோரிடாவுக்கு 30. 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3. அந்தக் கூடுதல் இரண்டு, செனட்டுக்காக எல்லா மாநிலங்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பது. சின்ன மாநிலத்துக்கு அது பெரிய அனுகூலம். வயோமிங்கில் சுமார் 1.9 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர். கலிஃபோர்னியாவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவர்.

உண்மையான விளையாட்டு இதில் இல்லை, அடுத்த விதியில் இருக்கிறது. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் மாநிலத்தில் முதலில் வருகிறவருக்கே அத்தனை தேர்வாளர்களும். நம் மக்களவைத் தேர்தலை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். ஒரு தொகுதியில் 10 ஓட்டில் ஜெயித்தாலும் 3 லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் சீட் ஒன்றுதான். மிச்ச ஓட்டைப் பக்கத்துத் தொகுதிக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் அப்படி ஒரு தொகுதி. ஆனால் கலிஃபோர்னியா என்ற 'தொகுதி'யை வென்றவருக்கு ஒன்றல்ல, மொத்தமாக 54.

இதன் விளைவு விசித்திரமானது. 2020 தேர்தலில் டிரம்புக்கு மிக அதிக ஓட்டுப் போட்ட மாநிலம் எது என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். டெக்ஸாஸ் என்பார்கள், ஃபுளோரிடா என்பார்கள். விடை கலிஃபோர்னியா. அங்கே 60 லட்சம் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அதற்குக் கிடைத்த தேர்வாளர்கள் பூஜ்யம். அதே ஆண்டு டெக்ஸாஸில் பைடனுக்கு ஓட்டுப் போட்ட 52 லட்சம் பேருக்கும் அதே பூஜ்யம்.

ஏழு மாநிலங்களின் வீட்டு வாசலில்

கலிஃபோர்னியா எந்தப் பக்கம் போகும் என்பது தேர்தலுக்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். வயோமிங்கும் அப்படித்தான். ஆகவே வேட்பாளர்கள் அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போவதில்லை. நன்கொடை வாங்க வேண்டுமானால் கலிஃபோர்னியா போவார்கள். எங்கே இரண்டு கட்சிக்கும் சமபலமோ அங்கேதான் மேடை, விளம்பரம், கைகுலுக்கல் எல்லாம். இவற்றை இழுபறி மாநிலங்கள் என்கிறோம். 2024இல் அவை ஏழு: பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா, மிச்சிகன், அரிசோனா, விஸ்கான்சின், நெவாடா. மொத்தம் 93 தேர்வாளர்கள். ஏழையும் டிரம்ப் வாரிக்கொண்டார். 312க்கு 226.

வித்தியாசம் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்பதற்கு 2020ஐப் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் பைடன் 70 லட்சம் ஓட்டு முன்னணி. கேட்கிறவருக்கு அமோக வெற்றி. ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவர் ஜெயித்தது ஏறத்தாழ 43,000 ஓட்டில். அந்த மூன்றும் நழுவியிருந்தால் ஆளுக்கு 269. சமநிலை வந்தால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும். அதுவும் தலைக்கு ஒரு ஓட்டு என்று இல்லை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. கிட்டத்தட்ட 4 கோடிப் பேரின் கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று.

மொத்த ஓட்டில் பின்தங்கியவர் அதிபரானது இதுவரை ஐந்து முறை: 1824, 1876, 1888, 2000, 2016. கடைசி இரண்டும் நாம் கண்ணால் பார்த்தவை. 2016இல் ஹிலரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு அதிகம் வாங்கினார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000க்குள் தோற்றார். ஆட்சி போயிற்று.

இப்படி ஓர் ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தது? 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி அரசியல் சாசனம் எழுதியவர்கள் இது குறித்து மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள் சிலர், காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள் வேறு சிலர். களைத்துப்போய் நடுவில் ஒரு வழியைப் பிடித்தார்கள். சின்ன மாநிலங்களைப் பாதுகாக்க இது வந்தது என்று பள்ளிப் பாடம் சொல்லும். அது பாதி உண்மை. மீதியை அங்கே அமர்ந்திருந்த ஜேம்ஸ் மேடிசனே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தெற்கு மாநிலங்களில் அடிமைகள் ஏராளம், அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆகவே நேரடித் தேர்தல் என்றால் தெற்குக்கு நஷ்டம். பிரதிநிதிகள் சபைக்கு இடம் ஒதுக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று பேரம் முடிந்திருந்தது. அந்தக் கணக்கு அப்படியே தேர்வாளர் எண்ணிக்கைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஓட்டு இல்லாதவர்களின் தலையை எண்ணி, அவர்களைக் கட்டிவைத்தவர்களின் கையில் பலத்தைக் கொடுத்தது. அடிமை முறை ஒழிந்தது, ஏற்பாடு மட்டும் நின்றுவிட்டது.

நீக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1969இல் நேரடித் தேர்தலுக்கான திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 338க்கு 70 என்று தேறியது. மறு ஆண்டு செனட்டில் பேசிப் பேசியே அதைச் சாகடித்துவிட்டார்கள். இப்போது வேறொரு குறுக்குவழி நடக்கிறது. நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்குகிறவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. 2007இல் மேரிலாண்ட் தொடங்கிவைத்தது. சேர்ந்த மாநிலங்களின் பலம் 200 தேர்வாளர்களைத் தாண்டிவிட்டது. 270ஐத் தொட்டால் ஒப்பந்தம் அமலுக்கு வரும். கடைசிப் படிகள் செங்குத்தானவை. இழுபறி மாநிலம் எதுவும் தன் செல்வாக்கைத் தானே விட்டுக்கொடுக்காது.

ஒரு கவுண்டிக்குப் போன கடிதங்கள்

முகவரி தெரிந்தும் சொதப்பிய கதை ஒன்று உண்டு. 2004 தேர்தலில் அப்போதைய அதிபர் புஷ்ஷும் ஜான் கெரியும் மோதினார்கள். இராக் போர் நடந்துகொண்டிருந்தது, உலகத்தில் பாதிப் பேருக்குப் புஷ் தோற்க வேண்டும் என்று ஆசை. லண்டனிலிருந்து வெளிவரும் கார்டியன் நாளிதழ், ஒஹையோ இழுபறி மாநிலம் என்று சரியாகவே கணித்தது. அதற்குள்ளும் இழுபறியான ஓர் இடத்தைத் தேடி, கிளார்க் கவுண்டியைப் பிடித்தது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரம் இருக்கும் கவுண்டி அது. 2000 தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோர் அங்கே 324 ஓட்டில்தான் ஜெயித்திருந்தார். வாக்காளர் பட்டியலைக் காசு கொடுத்து வாங்கி, ஆளுக்கொரு முகவரியாகத் தன் வாசகர்களுக்குக் கொடுத்தது கார்டியன். "உங்கள் ஓட்டு எங்களையும் பாதிக்கிறது, யோசித்துப் போடுங்கள்" என்கிற தொனியில் ஆயிரக்கணக்கானவர்கள் கடிதம் எழுதக் கிளம்பினார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒருவர் காலையில் தபால் பெட்டியைத் திறக்கிறார். இங்கிலாந்து முத்திரையோடு ஒரு கடிதம். முன்பின் தெரியாத ஒருவர் மிகவும் மரியாதையாக, யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். எவருக்குத்தான் எரிச்சல் வராது? பிரிட்டிஷ் ஆட்சியைத் துரத்தித்தான் இந்த நாடே உருவானது என்பதை நினைத்துக்கொண்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். வசை நிரம்பிய பதில்கள் லண்டனுக்குக் குவிந்தன. தேர்தல் முடிந்தபோது கிளார்க் கவுண்டி புஷ் பக்கம் சாய்ந்திருந்தது. 2000இல் கோரைத் தேர்ந்தெடுத்த ஒஹையோ கவுண்டிகளில் இப்படிக் கட்சி மாறியது அது ஒன்றுதான்.

கடிதங்கள்தாம் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் கார்டியனின் கணக்கில் பிழை இல்லை. ஒஹையோவைப் புஷ் வென்றது சுமார் 1.2 லட்சம் ஓட்டில். அது கெரிக்குப் போயிருந்தால், நாடு முழுவதும் ஏறத்தாழ 30 லட்சம் ஓட்டுப் பின்தங்கியிருந்தும் அவர்தான் அதிபர். தேர்ந்தெடுத்த இடம் சரி. போன விதம் தவறு.

அழைத்த பிறகு போகிற வெளிநாட்டுப் பார்வையாளர்களும் உண்டு. ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு 2002லிருந்து அமெரிக்கத் தேர்தல்களைப் பார்வையிட்டுவருகிறது. அமெரிக்காவும் அதில் உறுப்பு நாடு, பார்வையாளர்களை அழைப்பதாக 1990இல் ஒப்புக்கொண்ட நாடு. ஆனால் 2012இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த கிரெக் அபாட், வாக்குச்சாவடி வாசலிலிருந்து 100 அடிக்குள் வந்தால் வழக்குப் பாயலாம் என்று அவர்களுக்கே கடிதம் எழுதினார். அழைத்தது வாஷிங்டன், கதவு டெக்ஸாஸுடையது. 51 தேர்தல்கள் என்றேனே, அதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

பிட்ஸ்பர்க் சொன்னால் டோக்கியோ கேட்கும்

இதெல்லாம் அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கு என்ன என்று கேட்கலாம். ஜப்பானைக் கேட்டால் சொல்வார்கள். 2024இல் அங்கே 'மொஷி டோரா' என்று ஒரு சொல்லே புழங்கியது. ஒருவேளை டிரம்ப் வந்தால் என்பதன் சுருக்கம். பத்திரிகைகளும் வியாபாரிகளும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களை அப்போது கடித்த பிரச்சினையில் இரண்டு வேட்பாளர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

2023 டிசம்பரில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல், அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஏறத்தாழ 1,400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நட்பு நாட்டு நிறுவனம், கூடுதல் விலை, பங்குதாரர்களுக்கும் சம்மதம். ஆனால் யு.எஸ். ஸ்டீலின் தலைமையகம் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் பென்சில்வேனியாவில் இருக்கிறது. பென்சில்வேனியாவுக்கு 19 தேர்வாளர்கள். எஃகுத் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. பைடன் எதிர்த்தார், டிரம்ப் எதிர்த்தார், கமலாவும் எதிர்த்தார். மற்ற எல்லாவற்றிலும் சண்டை போட்டவர்கள் இதில் ஒரே வரிசையில் நின்றார்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில், பதவியை விட்டுப் போவதற்குச் சில நாட்கள் முன்பு, பைடன் அதைத் தடுத்தார். அதே ஆண்டு ஜூனில், அரசுக்குத் தனி அதிகாரம் தரும் நிபந்தனைகளோடு டிரம்ப் அனுமதித்தார். ஓட்டுக் கேட்கிற காலம் அப்போது முடிந்திருந்தது.

   இதே தலைமையகம் பென்சில்வேனியாவுக்குப் பதிலாக வயோமிங்கில் இருந்திருந்தால் மூன்று பேரும் இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

கியூபா இன்னொரு பாடம். 1962லிருந்து அந்தத் தீவின் மேல் வர்த்தகத் தடை இருக்கிறது. பனிப்போர் முடிந்து பல ஆண்டுகளான பிறகும் அதைத் தொட வேட்பாளர்கள் தயங்கியதற்கு, மயாமியில் குடியேறியிருந்த கியூபர்களும் ஃபுளோரிடா நெடுங்காலம் இழுபறி மாநிலமாக இருந்ததும் முக்கியமான காரணங்கள்.

நமக்கும் இதில் நேரடிக் கணக்கு உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி என்று வந்தபோது திருப்பூரில் பின்னலாடை ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அடுத்த மாதமே புதிய ஹெச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு. ஆகவே யார் வந்தால் நமக்கு நல்லது என்று திருப்பூரில் ஒருவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் வேட்பாளரின் முகத்தை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. இறக்குமதித் துணிக்கு எதிராக, விசாவுக்கு எதிராக எந்த இழுபறி மாநிலத்தில் எந்தச் சங்கம் பேசுகிறது, அதற்கு இரண்டு கட்சியும் எவ்வளவு தூரம் வளைகின்றன என்று பார்க்க வேண்டும். அது தலைப்புச் செய்தியாக வராது.

அட்டையில் ஒரு பள்ளம்

என்னுடைய ஆசைக்கு வருகிறேன். அது எந்தக் கட்சியைப் பற்றியதும் இல்லை என்று சொன்னால் பொய். மனத்துக்குள் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2000ஆம் ஆண்டைப் பார்த்தவர்களுக்கு அதற்கும் முன்னால் வேறொரு ஆசை வந்துவிடும்.

அந்த ஆண்டு எல்லாம் ஃபுளோரிடாவில் வந்து நின்றது. ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டில் புஷ்ஷுக்கும் கோருக்கும் இறுதி வித்தியாசம் 537. பல கவுண்டிகளில் அட்டையில் துளை போட்டு ஓட்டளிக்கும் முறை இருந்தது. ஊசியால் குத்தினால் சின்னச் சதுரத் துண்டு உதிர்ந்து துளை விழ வேண்டும். சிலருடைய அட்டையில் துண்டு முழுதாக உதிரவில்லை, ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிலருடையதில் துளையே இல்லை, குத்தியதன் அடையாளமாக வெறும் பள்ளம். அதிகாரிகள் அட்டைகளை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இந்தப் பள்ளம் ஓர் ஓட்டா என்று உற்றுப் பார்க்கிற படம் உலகமெல்லாம் வந்தது. அணு ஆயுதப் பெட்டி யாரிடம் போகும் என்பதை அட்டையின் மேடு பள்ளம் தீர்மானித்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று பிரிந்து மறு எண்ணிக்கையை நிறுத்தியது. மறுநாள் கோர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் பிடித்த காட்சி. தேர்வாளர்களின் ஓட்டுகளை ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி எண்ண வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் துணை அதிபர், செனட்டின் தலைவர் என்ற முறையில். 2001இல் துணை அதிபர் யார்? அல் கோர். நாடு முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு முன்னால் இருந்து தோற்ற அதே கோர். அவருடைய கட்சி உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஃபுளோரிடா முடிவை ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் செல்ல வேண்டுமானால் ஒரு செனட்டரின் கையெழுத்தாவது வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒரு செனட்டரும் போடவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று கோர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். இல்லை என்றதும் ஆட்சேபத்தைத் தள்ளினார். செனட்டர் கையெழுத்து இல்லாததைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்றார் மேக்சின் வாட்டர்ஸ் என்ற உறுப்பினர். விதிகளுக்குக் கவலை இருக்கிறதே என்றார் கோர். சபை சிரித்தது. தனக்காகப் பேச வந்தவர்களின் வாயைத் தானே அடைத்து, தன் எதிராளியை அதிபராக அறிவித்துவிட்டு இறங்கினார்.

20 ஆண்டுகள் கழித்து அதே நாளில், அதே கட்டடத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். தோற்ற அதிபரின் ஆதரவாளர்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். தேர்வாளர் ஓட்டுகள் இருந்த மரப்பெட்டிகளைச் செனட் ஊழியர்கள் கையோடு தூக்கிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போனார்கள். முடிவை மாற்றச் சொன்ன நெருக்கடிக்குத் துணை அதிபர் மைக் பென்ஸ் இணங்கவில்லை. இரவில் சபை மறுபடி கூடி, விடியற்காலை மூன்றரை மணிக்கு மேல்தான் எண்ணி முடித்தது.

அதன் பிறகு 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். துணை அதிபரின் வேலை வெறும் சடங்கு, முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிவைத்தார்கள். ஆட்சேபம் எழுப்ப ஒருவர் கையெழுத்துப் போதாது, ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்றும் ஆக்கினார்கள். 1887இல் எழுதிய குழப்பமான சட்டத்தை இவ்வளவு காலம் தொடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆகவே 2028க்கான என் ஆசைகளில் முதலாவது, ஏழு மாநிலங்களில் எதுவும் 537 போன்ற வித்தியாசத்தில் தொங்கக் கூடாது. யார் ஜெயித்தாலும் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற நிலை வரக் கூடாது. ஏழு என்பது பத்து, பதினைந்து என்று விரிந்தால் இன்னும் நல்லது, பிட்ஸ்பர்க்குக்கு மட்டும் காது கொடுக்கிற வேட்பாளர்கள் கொஞ்சம் தலையைத் திருப்புவார்கள். இது பேராசை என்று தெரியும். இன்னொன்று, தோற்றவர் அன்றிரவோ மறுநாளோ போனை எடுத்து ஜெயித்தவரிடம் பேச வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியிராத வழக்கம் அது. ஆனால் கோர் 2000 நவம்பரில் ஒரு முறை பேசிவிட்டு, ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டபோது மொத்த நாடும் 36 நாட்கள் அந்தரத்தில் நின்றது. அந்தப் போனுக்கு எவ்வளவு கனம் என்று அன்று தெரிந்தது.

2025 ஜனவரி 6ஆம் தேதி வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மரப்பெட்டிகள் வந்தன. தலைமை இருக்கையில் துணை அதிபர் கமலா ஹாரிஸ். துளசேந்திரபுரம் யாருக்காகப் பூஜை செய்ததோ அதே கமலா. 1961இல் நிக்சனும் 2001இல் கோரும் தோற்ற துணை அதிபர்களாக நின்ற இடத்தில் நின்று, டிரம்புக்கு 312 என்றும் தனக்கு 226 என்றும் தன் வாயாலேயே படித்தார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். 2029 ஜனவரியிலும் அந்தச் செய்தி அதே அளவில், அதே உள்பக்கத்தில் வர வேண்டும்.